இஸ்பேட் ஏஸின் சாட்சியம்

(நாணயம், தபால்தலை சேகரிப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் நாணயம் சேகரிப்பவர்கள், மற்றவர்கள் தபால்தலைக்காரர்கள். உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. நம் நாணயத்தைத் திருப்பினால் ஆண்டு இருக்கிறது. ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா என்று அடித்த ஊரையும் சொல்லிவிடலாம். தபால்தலை மேல் ஊரும் தேதியுமாக முத்திரை விழுந்திருக்கிறது. சீட்டுக்கட்டுக்கு அந்த பாக்கியம் இல்லை. ஐம்பத்திரண்டு சீட்டையும் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாலும் பெரும்பாலான கட்டுகளில் அச்சடித்த ஆண்டு என்று ஒன்று இருக்காது. லண்டனில் 1628-இல் அரச சாசனம் பெற்ற சீட்டுத் தயாரிப்பாளர் சங்கம் 1882 முதல் ஆண்டுக்கு ஒரு சிறப்புக் கட்டு வெளியிட்டு வருகிறது. அதில் ஆண்டு இருக்கும். அது விதிவிலக்கு. சீட்டை விற்கிறவர் எதற்காகச் சரக்கின் மேல் ஆண்டைப் போட்டு, அடுத்த வருஷம் அதைப் பழைய சரக்காக்கிக்கொள்ளப் போகிறார்?

அப்படியானால் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? என் பதில் ஒன்றுதான். சீட்டு அடித்தவரைக் கேட்காதீர்கள், வரி வசூலித்தவரைக் கேளுங்கள். சூதாட்டம் பாவம் என்று பிரசங்கம் செய்த அரசுகள் எல்லாமே அந்தப் பாவத்தின் மேல் வரி போட்டன. வரி கட்டியதற்கு அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் போலியாக இருக்கக் கூடாது. விகிதம் மாறும்போது அடையாளமும் மாற வேண்டும். இந்த மூன்று தேவையும் சேர்ந்துதான் இன்று நமக்குக் காலக்கணக்கைத் தருகின்றன.

இங்கிலாந்தில் தொடங்குவோம். ஆன் ராணி காலத்தில், 1711-இல், கட்டு ஒன்றுக்கு ஆறு பென்ஸ் வரி வந்தது. முதலில் ஒரு சீட்டின் மேல் கையால் முத்திரை குத்தினார்கள். குத்தப்பட்ட சீட்டு காலப்போக்கில் இஸ்பேட் ஏஸ் என்று நிலைத்துவிட்டது. 1765-இல் அரசு ஒரு படி மேலே போயிற்று: இனி இஸ்பேட் ஏஸை நாங்களே அச்சடிப்போம், நீங்கள் மற்ற ஐம்பத்தொன்றை அடித்துக்கொள்ளுங்கள் என்றது. தயாரிப்பாளர் முத்திரைத்தாள் அலுவலகத்துக்குப் போய் வரியைக் கட்டி ஏஸ்களை வாங்கி வந்து கட்டில் சேர்க்க வேண்டும். இன்றும் மற்ற மூன்று ஏஸும் நடுவில் ஒரே ஒரு சின்னத்தோடு நிற்க, இஸ்பேட் ஏஸ் மட்டும் கல்யாணப் பந்தல் மாதிரி அலங்காரத்தோடு இருப்பதற்கு இந்த வரிதான் காரணம்.

சேகரிப்பவனுக்கு இதில் கிடைக்கும் லாபம் பெரியது. வரி ஏறிய போதெல்லாம், 1776, 1789, 1801 என்று, ஏஸின் மேல் ‘கூடுதல் வரி’ வாசகத்தைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஆகவே அந்த வாசகம் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணினாலே கட்டு எந்தக் காலத்துக்குள் விழுகிறது என்று சொல்லிவிடலாம். 1801-இல் வரி இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஒரு சீட்டுக்கட்டுக்கு அது அநியாய வரி. அநியாய வரி இருக்கும் இடத்தில் கள்ள ஏஸும் இருக்கும். ரிச்சர்ட் ஹார்டிங் என்ற சீட்டு வியாபாரி இஸ்பேட் ஏஸைப் போலியாக அச்சடித்தார் என்று 1805-இல் வழக்கு நடந்து, தூக்கில் போடப்பட்டார். ஒரு சீட்டுக்காக ஓர் உயிர். அரசு அந்த ஏஸைப் பணத்தாளுக்குச் சமமாகப் பார்த்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1828-இல் வரியை ஒரு ஷில்லிங்காகக் குறைத்து, புது ஏஸ் கொண்டுவந்தார்கள். பெர்கின்ஸ் பேகன் நிறுவனம் செதுக்கியது. பன்னிரண்டு ஆண்டு கழித்து உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கை அச்சடித்த அதே நிறுவனம். தபால்தலை நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கள்ள அச்சு எட்டிப் பார்க்கவே முடியாதபடி சுருள் மேல் சுருளாக, கோடு மேல் கோடாகச் செதுக்கிய அந்த ஏஸுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் ‘ஓல்ட் ஃபிரிஸில்’. அடியில் தயாரிப்பாளர் பெயரும் இருக்கும். 1862 வரை இதுதான். அந்த ஆண்டு வரி மூன்று பென்ஸாக இறங்கி, வரிக்குறி ஏஸை விட்டு மேலுறைக்குப் போயிற்று. ஏஸ் விடுதலையானது, தயாரிப்பாளர்கள் அலங்காரத்தை விடவில்லை, அதைத் தங்கள் சொந்த முத்திரையாக்கிக்கொண்டார்கள். மூன்று பென்ஸ் வரி 1960 ஆகஸ்ட் வரை நீடித்தது.

இதில் நம் ஊருக்கு ஒரு தொடர்பு உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பிய கட்டுகளுக்கு வரி இல்லை. அவற்றுக்குத் தனியாக ஏற்றுமதி ஏஸ். கம்பெனி காலத்து வீடுகளிலிருந்து வரும் ஆங்கிலக் கட்டில் வரித்தொகை இல்லாத ஏஸ் இருந்தால் அது போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னொன்று, ‘கிரேட் மொகல்’ என்ற பெயரும் முகலாயப் பேரரசர் படமும் உள்ள மேலுறை. பார்த்தவுடன் ‘இந்தியாவில் செய்தது’ என்று சொல்லத் தோன்றும். அது ஊர்ப் பெயரும் இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை, தரத்தின் பெயர். ஆங்கிலேயத் தயாரிப்பாளர்கள் முதல் தரத்தை மொகல் என்றும், அடுத்ததை எட்டாம் ஹென்றியின் பெயரால் ஹாரி என்றும், அதற்கும் கீழ் ஹைலேண்டர், மெர்ரி ஆண்ட்ரூ என்றும் பிரித்து விற்றார்கள். பல நிறுவனங்கள் ஒரே மொகலைப் போட்டன. பிற்பாடு பெல்ஜியத்தின் துர்ன்ஹௌட் நகரத்துச் சீட்டுகளிலும் அந்தப் பெயர் ஏறியது. மொகலைப் பார்த்து டில்லிக்குப் போகாதீர்கள்.

இனி அமெரிக்கா. சேகரிப்பவர்களின் கையில் அதிகம் புழங்குவது அந்த நாட்டுச் சீட்டுதான். அதிகம் குழப்புவதும் அதுவே.

அங்கே வரி ஏஸின் மேல் ஏறவில்லை. உள்நாட்டுப் போரின் செலவுக்காக 1862-இல் போட்ட வரிக்கு, கட்டின் வாயை மூடி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்றார்கள். சில நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே ஸ்டாம்ப் அச்சடித்துக்கொள்ள அனுமதி இருந்தது. அந்த வரி 1883-இல் போயிற்று. இப்போது ஒரு சின்னக் கணக்கு. சின்சினாட்டி நகரத்து ரஸ்ஸல் அண்ட் மார்கன் அச்சகம் முதல் சீட்டுக்கட்டை அடித்தது 1881-இல். அவர்கள் பெயர் போட்ட வரி ஸ்டாம்ப் உள்ள கட்டு கிடைத்தால்? 1881-க்கு முன்னால் இருக்க முடியாது, 1883-க்குப் பின்னாலும் இருக்க முடியாது. இரண்டே ஆண்டு இடைவெளி. இதைவிடச் சுத்தமான கணக்கு இந்தத் துறையில் அபூர்வம்.

1894-இல் வரி மறுபடி வந்தது, கட்டுக்கு 2 சென்ட். 1917-இல் உலகப் போர் வந்து 7 சென்ட். 1919-இல் 8. 1924-இல் 10. 1941-இல் 13. 1965 ஜூனில் அடியோடு ரத்து. இந்த ஆறு ஆண்டுகளையும் அவற்றின் வரியையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஏலக்காரர்கள் சொல்லும் கதையில் பாதி இவற்றிலேயே உடைந்துவிடும். ஸ்டாம்பின் குறுக்கே நிறுவனத்தின் எழுத்துகளும் மாதமும் ஆண்டும் அச்சடித்து ரத்து செய்திருப்பார்கள்; அது முழுசாக இருந்தால் வேறெதுவும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கட்டைப் பிரித்தவர் ஸ்டாம்பைக் கிழித்துத்தானே பிரித்திருப்பார்? பாதிதான் மிஞ்சும். பெரும்பாலும் ஆண்டு இல்லாத பாதி. பிற்கால ஸ்டாம்புகளில் தொகையே கிடையாது, ‘ஒரு கட்டு’ என்று மட்டும் இருக்கும்.

இதோ, அதே சின்சினாட்டி நிறுவனத்தின் ‘பைசிக்கிள்’ என்ற இந்தக் கட்டைப் பாருங்கள், கைமாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் மூடியை முழுசாக மடக்காதீர்கள். சிவப்பு முதுகு, நடுவில் சைக்கிள் ஓட்டும் சிறகு முளைத்த குழந்தை. இந்த முதுகு 1887 முதல் வருகிறது, ஆகவே முதுகைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பெட்டியின் மேல் நீல ஸ்டாம்ப் பாதி கிழிந்திருக்கிறது, ரத்துத் தேதி போய்விட்டது, ‘10’ தப்பியிருக்கிறது. ஆக 1924-இலிருந்து 1941 வரை. இப்போது இஸ்பேட் ஏஸை எடுங்கள். வாளோடு உட்கார்ந்திருக்கும் பெண்; வாஷிங்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் சுதந்திரச் சிலையைப் பார்த்து வரைந்தது. அதன் அருகே பொடி எழுத்தில் ஓர் எழுத்தும் நான்கு எண்களும். எண்களை விடுங்கள், எழுத்துதான் ஆண்டு. அங்கேதான் சிக்கல். எழுத்துகள் தீர்ந்ததும் முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்பி வரும். ஜீன் ஹாக்மன் தொகுத்து, பிற்பாடு டாம் டாஸனும் ஜூடி டாஸனும் திருத்தி விரித்த அமெரிக்கச் சீட்டுக் கலைக்களஞ்சியத்தைப் போன்ற நூல்களில் பட்டியல் இருக்கிறது. ஒரே எழுத்துக்கு எதிரே மூன்று, நான்கு ஆண்டுகள் நிற்கும். அவற்றில் பத்து சென்ட் காலத்துக்குள் விழுவது பெரும்பாலும் ஒன்றுதான். எழுத்து தனியாகச் சொல்லாது, ஸ்டாம்பும் தனியாகச் சொல்லாது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்டால் ஓர் ஆண்டு கிடைக்கும்.

ஒரு நிபந்தனை. பெட்டியும் சீட்டும் பிறவியிலேயே ஒன்றாக இருந்தவை என்பது உறுதியாக வேண்டும். கிழிந்த பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல பெட்டிக்குள் பழைய சீட்டை வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. ஸ்டாம்ப் பெட்டியின் வயதைச் சொல்கிறது. ஏஸ் சீட்டின் வயதைச் சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால் நான் ஏஸின் பக்கம்.

இனி ஏமாற்றும் எண்கள். பைசிக்கிள் பெட்டியில் 808 என்று இருக்கும். காங்கிரஸ் என்ற தங்க விளிம்புச் சீட்டில் 606. இவை சரக்கின் வரிசை எண்கள். ‘பீ’ கட்டின் இஸ்பேட் ஏஸில் 92 இருக்கும். அந்தச் சீட்டு முதலில் வந்தது 1892-இல். நேற்று அடித்த கட்டிலும் 92 தான். 1885 என்று பைசிக்கிள் பெட்டியில் பார்த்தால் அதுவும் அப்படியே, பிறந்த ஆண்டு சரக்குக்கு, கட்டுக்கு அல்ல. இணையத்தில் ‘நூறு வருடப் பழமை’ என்று விற்பனைக்கு வரும் கட்டுகளைப் பார்க்கிறேன். இந்த எண்களைப் படித்துவிட்டு எழுதியவை அவற்றில் நிறைய. விற்பவர் பொய் சொல்கிறார் என்று கூட நான் நினைக்கவில்லை. ஆசையாகப் படித்துவிடுகிறார்.

ஊரும் அப்படித்தான் ஏமாற்றும். ரஸ்ஸல் அண்ட் மார்கன் 1894-இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்ட் கம்பெனி ஆனது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு தொழிற்சாலை சின்சினாட்டியை ஒட்டிய நார்வுட்டுக்குப் போயிற்று. சீட்டிலும் பெட்டியிலும் மட்டும் சின்சினாட்டி என்றே தொடர்ந்து இருந்தது. 2009-இல் ஆலை ஆற்றைத் தாண்டி கென்டக்கி மாநிலத்து எர்லாங்கருக்கு நகர்ந்தது. 2019-இல் இந்த அமெரிக்க நிறுவனத்தைப் பெல்ஜியத்தின் கார்ட்டாமுண்டி நிறுவனம் வாங்கியது. மந்திர வித்தைக்காரர்கள் ‘ஓஹியோ கட்டு’, ‘கென்டக்கி கட்டு’ என்று பிரித்து, ஓஹியோ கட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். கையில் எடுத்துக் கலைத்தாலே வித்தியாசம் தெரியும் என்கிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் எத்தனை பேர் சொல்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பெட்டியின் அடியில் முகவரியைப் படிப்பதற்குக் கண்ணைக் கட்ட வேண்டியதில்லை.

சூதாட்ட விடுதிகளின் பெயர் போட்ட கட்டுகளிலும் விடுதியின் ஊரை அச்சின் ஊராக எடுத்துக்கொள்ளாதீர்கள். வட லாஸ் வேகஸில் ஜெர்ரிஸ் நக்கெட் என்றொரு விடுதி. அதற்காக 1970-இல் அச்சடித்த கட்டுகள் பல ஆண்டு பரிசுக் கடையில் மலிவாகக் கிடந்து, பிறகு வித்தைக்காரர்கள் தேடத் தொடங்கியதும் ஒரு கட்டு சில நூறு டாலருக்குப் போயிற்று. 2019-இல் அதே பெயரில் புதுக் கட்டுகள் வந்துவிட்டன. மேசையில் புழங்கி ஓய்வு பெற்ற விடுதிச் சீட்டுகளை நடுவில் துளையிட்டோ மூலையை வெட்டியோதான் வெளியே விடுவார்கள். துளையைப் பார்த்து ‘சேதம்’ என்று தள்ளிவிட வேண்டாம். அது வேலை பார்த்ததற்கான சான்று.

வரி இல்லாத காலத்துக் கட்டை என்ன செய்வது? அமெரிக்கக் கட்டில் ஸ்டாம்ப் ஒட்டிய சுவடே இல்லை என்றால் 1862-க்கு முன், அல்லது 1883-க்கும் 1894-க்கும் நடுவே, அல்லது 1965-க்குப் பிறகு. நூறு ஆண்டுக்கும் மேல் வித்தியாசம். அங்கே சீட்டின் உடம்பைப் படிக்க வேண்டும். மூலையில் எண்ணும் சின்னமும் போடும் வழக்கம் அமெரிக்காவில் 1864-இல் ஒரு காப்புரிமையோடு தொடங்கி, 1870-களில் பரவியது. அதே காலத்தில்தான் கூர்மூலை போய் வட்டமூலை வந்தது. ராஜாவுக்கு இரண்டு தலை, மேலே ஒன்று கீழே ஒன்று, வைப்பது இங்கிலாந்தில் 1860-களில் நிலைத்தது. அதற்கு முன் ராஜா முழு உருவமாக நிற்பார், தலைகீழாக வந்தால் ஆட்டக்காரர் திருப்பி வைப்பார், எதிராளிக்குக் கையில் பெரிய சீட்டு இருப்பது தெரிந்துவிடும். ஜோக்கர் 1860-களின் அமெரிக்கப் பிள்ளை. முதுகு வெறும் வெள்ளையாக இருந்தால் இன்னும் பழசு. வெள்ளை முதுகில் அந்தக் காலத்தவர் கடன் சீட்டும் அழைப்பும் எழுதியிருப்பார்கள். தேதி போட்டு எழுதிய ஒரு வரி கிடைத்தால் கட்டு அதற்குப் பிந்தியது அல்ல என்று உறுதி. லண்டனில் தாமஸ் டி லா ரூ 1830-களின் தொடக்கத்தில் எழுத்தச்சு முறையில் வண்ணச் சீட்டு அடிக்கும்வரை, வண்ணம் பூசியது வெட்டுத்தகடு வைத்துக் கையால். நல்ல லென்ஸில் பாருங்கள்: ராஜாவின் சிவப்பு அங்கி கறுப்புக் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், இன்னொரு இடத்தில் கோட்டுக்கு எட்டாமல் வெள்ளை விட்டிருக்கும். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அதே லென்ஸில் நாலு வண்ணப் புள்ளிகள் பூப்பூவாகத் தெரிந்தால் அது சமீபத்திய அச்சு. பெட்டி எவ்வளவு பழுப்பாக இருந்தாலும் சரி.

பெட்டியில் அச்சான சில்லறை விஷயங்களும் உதவும். அமெரிக்க முகவரியில் ஐந்து எண் ஜிப் கோடு இருந்தால் 1963-க்குப் பிறகு. பார்கோடு இருந்தால் 1974-க்குப் பிறகு. பழைய அடையாளம் எத்தனை இருந்தாலும் கணக்கில் வராது. கட்டில் இருப்பவற்றில் வயதில் இளையது எதுவோ அதற்கு முன்னால் அந்தக் கட்டு பிறந்திருக்க முடியாது. மறுபதிப்புகள் எல்லாம் மாட்டிக்கொள்வது இந்த ஒரு விதியில்தான்.

மற்ற நாடுகளை வேகமாகத் தாண்டுகிறேன். ஜெர்மனியில் 1879 முதல் நாடு முழுவதற்குமான ஒரே வரி, முத்திரை ஆட்டின் (ஹார்ட்) ஏஸின் மேல். இத்தாலியில் நாணயச் சின்னத்தின் ஏஸின் மேல், 1972 வரை. ஜப்பானில் 1902-இல் சீட்டு வரி வந்தது. 1889-இல் கியோட்டோவில் ஹனஃபுடா சீட்டு செய்யத் தொடங்கிய நின்டெண்டோ தான் இன்று வீடியோ கேம் விற்கும் நின்டெண்டோ. நாட்டுக்கு நாடு சீட்டு மாறும், வரிக்காரர் மாற மாட்டார்.

கடைசியாக நம் ஊர்ச் சீட்டு. கஞ்சிபாவைப் பற்றி இன்று பேசவில்லை; பிஷ்ணுபூரிலும் சாவந்த்வாடியிலும் ஒடிசாவிலும் கையால் தீட்டிய அந்த வட்டச் சீட்டுகளுக்கு ஸ்டாம்பும் இல்லை, இஸ்பேட் ஏஸும் இல்லை; அவற்றின் காலத்தைச் சொல்ல ஓவியம் படித்தவர் வேண்டும். நான் சொல்வது ரயில் நிலையத்திலும் பெட்டிக்கடையிலும் விற்ற, நாம் ரம்மியும் ஆஸும் ஆடித் தேய்த்த அச்சுச் சீட்டு. அதன் காலத்தைச் சொல்ல நமக்குச் சொந்தமான அடையாளங்கள் உண்டு. பெட்டியில் விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். ‘நயா பைசா’ என்றால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. முகவரியில் ஆறு எண் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. பொட்டலப் பொருள் விதிகள் 1977-இல் வந்து, தயாரித்தவர் முகவரியும் மாதமும் ஆண்டும் போடச் சொன்னதால், அதற்குப் பிந்திய கட்டுகளில் சில சமயம் தேதியே கிடைத்துவிடும். பம்பாய் என்று இருந்தால் பெரும்பாலும் 1995-க்கு முன், மெட்ராஸ் என்றால் 1996-க்கு முன். பழைய பெயரை விடாத கம்பெனிகளும் உண்டு என்பதால் ‘பெரும்பாலும்’ என்கிறேன். இலங்கை நண்பர்களிடமிருந்து வரும் பெட்டியில் ‘சிலோன்’ என்று இருந்தால் அதுவும் பெரும்பாலும் 1972-க்கு முன்.

அமெரிக்கச் சீட்டுக்கு ஹாக்மன் மாதிரி ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டார். நம் பெட்டிக்கடைச் சீட்டுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். அதற்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில், தாத்தாவின் மேசை இழுப்பறையில் பழைய கட்டு கிடைத்தால் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். இஸ்பேட் ஏஸ், ஜோக்கர், ஒரு முதுகு, பெட்டியின் ஆறு பக்கம், இவற்றைப் படமெடுத்து, யார் வீட்டில் எந்த ஊரில் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கட்டோடு வையுங்கள். சீட்டு குறைந்திருந்தாலும் பரவாயில்லை. ஏஸும் பெட்டியும் இருந்தால் போதும். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.